அணா, பைசா, ரூபாய்: பிள்ளைகள் காசு எண்ணக் கற்ற கதை

பிள்ளைகளுக்குக் காசு எண்ணக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால் பள்ளிக்கூடம் என்றுதான் சொல்லத் தோன்றும். 34 ஆண்டுகள் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளிலேயே காலம் தள்ளியவள் சொல்கிறேன், அது பாதி உண்மைதான். காசைக் கற்றுக்கொடுத்தது கடைத்தெரு. கையில் ஏற்கெனவே இருந்த கணக்கைச் சிலேட்டில் எழுத வைத்தது மட்டுமே எங்கள் வேலை. இந்த ஏற்பாடு பல நூறு ஆண்டுகள் நடந்து, நம் கண் முன்னால்தான் முடிந்திருக்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். பதிவு நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

கம்பெனி காலத்துச் சென்னை மாகாணத்திலிருந்து தொடங்குகிறேன். அன்றைக்கு இங்கே ரூபாய் முதன்மை நாணயம் இல்லை. வராகன், பணம், காசு என்று மூன்று படி. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அப்படியானால் ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1807, 1808 வாக்கில் கம்பெனி அடித்த கால் வராகன் வெள்ளிக் காசை அருங்காட்சியகத்தில் பார்த்தவர்கள் இருக்கலாம். ஒரு பக்கம் நட்சத்திரங்களுக்கு நடுவே கோயில் கோபுரம், மறுபக்கம் பெருமாள், சுற்றிலும் தமிழும் தெலுங்கும். வெள்ளைக்காரன் அடித்த காசில் கோபுரமா என்று ஆச்சரியப்பட வேண்டாம். கடையில் செல்ல வேண்டுமென்றால் ஊர்க்காரன் கண்ணுக்குப் பழகிய படம் வேண்டும். 1818-ல் ரூபாய் இங்கே முதன்மை நாணயமாயிற்று. 1835-ல் கம்பெனி ஆண்ட பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய். மூன்றரை ரூபாய் ஒரு வராகன் என்று கணக்கு வைத்து மாற்றினார்கள்.

அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, எண்சுவடியை நெட்டுருப் போட்டார்கள். முழு எண்ணுக்கு மட்டும் வாய்ப்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். பின்னத்துக்கும் வாய்ப்பாடு உண்டு. அரை, கால், அரைக்கால் நமக்கே தெரியும். அதற்கும் கீழே மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. மாவையும் காணியையும் கூட்டினால் மாகாணி. பெயரிலேயே கூட்டல் இருக்கிறது, போட்டுப் பாருங்கள்: 4/80 + 1/80 = 5/80 = 1/16. இந்தச் சுவடிகளைப் பற்றி செந்தில் பாபு ஆங்கிலத்தில் விரிவான ஆய்வு நூல் எழுதியிருக்கிறார். வெறும் குருட்டு மனப்பாடம் என்று நாம் ஒதுக்கிவைத்த முறைக்குள் எவ்வளவு கணக்கு அறிவு இருந்தது என்பதை அதில் காணலாம். ஆசிரியர் பயிற்சியில் இதையெல்லாம் எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பியாஜே சொன்னார்கள், மாண்டிசோரி சொன்னார்கள். மாகாணியை யாரும் சொல்லவில்லை.

ரூபாய் வந்ததும் இந்தப் பின்னங்கள் வீணாகவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். ஒரு ரூபாய்க்கு 16 அணா. அப்படியென்றால் ஓர் அணா என்பது மாகாணி ரூபாய். இரண்டணா அரைக்கால் ரூபாய். நாலணா கால், எட்டணா அரை. ரூபாயைப் பாதி, பாதியில் பாதி என்று நான்கு முறை பிளந்தால் அணா வந்து நிற்கும். எழுத்தறியாத கிழவிகூட வெற்றிலைக் கட்டைப் பிரிப்பதுபோல ரூபாயைப் பிரித்துவிடுவாள். எங்கள் புதுக்கோட்டையில் இன்னும் ஒரு படி மேலே. சமஸ்தானத்துக்கென்று அம்மன் காசு இருந்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்து. நவராத்திரியில் அரிசியோடு ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். அணாவுக்கு 20 அம்மன் காசு. ரூபாய்க்கு எத்தனை? 320. அதாவது ஓர் அம்மன் காசு சரியாக ஒரு முந்திரி ரூபாய். திட்டமிட்டு வைத்தார்களோ, தானாக அமைந்ததோ, சுவடியில் படித்த கடைசிப் பின்னம் எங்கள் ஊர்ப் பிள்ளையின் உள்ளங்கையில் செம்பாகக் கிடந்தது. என் பாட்டியின் சுருக்குப் பையில் அப்படி ஏழெட்டுக் காசுகள் இருந்தன. நான் முதன்முதலில் எண்ணி விளையாடியது அவற்றைத்தான். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது, அம்மன் காசும் பூஜை அறைக்குப் போய்விட்டது.

அணாவுக்குக் கீழே பை. 12 பை ஓர் அணா. 3 பை காலணா, 6 பை அரையணா. 1943 முதல் 1947 வரை அடித்த காலணாவில் நடுவே பெரிய ஓட்டை இருக்கும். யுத்த காலத்துச் செம்புத் தட்டுப்பாடு. ஓட்டைக் காலணாவை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டு திரிந்த பிள்ளைகள் உண்டு என்று என் அப்பா சொல்வார்.

பள்ளிக்கூடத்தில் ரூபாய்-அணா-பை கணக்கு என்றால் பிள்ளைகளுக்குக் குலை நடுக்கம். ஒரு கூட்டலைப் பாருங்கள். ரூ. 3-11-9, அதோடு ரூ. 2-7-6. பையைக் கூட்டினால் 15. பன்னிரண்டை எடுத்து ஓர் அணாவாக்கி மேலே அனுப்பு, மிச்சம் 3. அணாவைக் கூட்டினால் 19. பதினாறை எடுத்து ஒரு ரூபாயாக்கு, மிச்சம் 3. ரூபாய் 6. விடை ரூ. 6-3-3. ஒரே கணக்கில் மூன்று விதமான இனமாற்றம். முதல் பத்திக்குப் பன்னிரண்டு, அடுத்ததற்குப் பதினாறு, அதற்கடுத்துப் பத்து. ஏழெட்டு வயதுப் பிள்ளை திணறாமல் என்ன செய்யும்? அந்தத் தலைமுறையின் முழங்கையில் விழுந்த பிரம்படியில் பாதி இந்தக் கணக்குக்குத்தான் என்று நினைக்கிறேன். அதே முறையில் அழகும் இருந்தது. ஒரு பழம் 5 பை என்றால் ஒரு டஜன் 5 அணா. ஒரு பொருள் 7 அணா என்றால் பதினாறு பொருள் 7 ரூபாய். பெருக்கவே வேண்டாம். மளிகைக் கடைப் பையன்கள் இதை வைத்துத்தான் வாத்தியாரையே திகைக்க வைத்தார்கள்.

1957 ஏப்ரல் 1. நாடு முழுவதும் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று ஆயிற்று. 1955-லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது, நடைமுறைக்கு வந்தது அன்றைக்குத்தான். பிள்ளைகள் பக்கமிருந்து பார்த்தால் சுதந்திர இந்தியா தொடக்கக் கல்விக்குச் செய்த பெரிய உபகாரங்களில் ஒன்று இது. மதிய உணவு அளவுக்குப் பேசப்படாவிட்டாலும் உபகாரம்தான். மூன்று விதமான இனமாற்றம் போய் எல்லா இடத்திலும் பத்து. பணக் கணக்கும் சாதாரணக் கூட்டலும் ஒன்றாகிவிட்டன.

மாறிய புதிதில் குழப்பம் இல்லாமல் இல்லை. ஓர் அணா என்பது ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? அதனால் அரசு பட்டியல் போட்டுக் கொடுத்தது. ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. ஓரணாச் சாமானை நான்கு தடவையாக வாங்கினால் 24 பைசா, மொத்தமாக வாங்கினால் 25. எங்கள் வீதியில் ஒரு பாட்டி இதைக் கண்டுபிடித்து, கடைசி வரை எதையும் ஓரணா ஓரணாவாகவே வாங்கினார் என்று கதை சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, கணக்கு சரி.

போனது ஒன்று உண்டு. நூறைப் பாதியாக்கினால் 50, மறுபடி பாதியாக்கினால் 25, அதோடு நின்றுவிடும். அடுத்த பாதி பன்னிரண்டரை. அரைக்கால் ரூபாய்க்குக் காசு இல்லை. மாகாணி ரூபாய்க்கும் இல்லை. அரைக்கால், மாகாணி, வீசம் எல்லாம் கடையை விட்டுப் போனபின் வகுப்பறையிலும் நிற்கவில்லை. நாலணா, எட்டணா மட்டும் பிழைத்தன, ஏனென்றால் 25-க்கும் 50-க்கும் அவை சரியாகப் பொருந்தின. அணாவைக் கண்ணால் பார்க்காத என் பிள்ளைகள்கூட 'எட்டணா' என்று சொல்லித்தான் வளர்ந்தார்கள்.

நான் பள்ளியில் சேர்ந்தது 1965-ல். அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில் 'நயா' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். காசில் போய்விட்டதே தவிர, பெரியவர்கள் வாயில் பல காலம் நயா பைசாதான். நயா பைசாக் காசுகளில் ஒரு விசேஷம். ஒரு பைசாக் காசில் 'ரூபாயின் நூறில் ஒரு பங்கு' என்றும், பத்து பைசாக் காசில் 'ரூபாயின் பத்தில் ஒரு பங்கு' என்றும் எழுதியிருக்கும். தசமப் பாடம் முழுவதும் காசின் முதுகில் அச்சாகியிருந்தது. ஆனால் எழுதியிருந்தது இந்தியில். எங்கள் பள்ளியில் அதைப் படிக்க ஒருவருக்கும் தெரியாது. பிற்பாடு ஒரு தபால்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

எழுத்து புரியாவிட்டால் என்ன, வடிவம் புரிந்தது. ஐந்து பைசா சதுரம். மூன்று பைசா அறுகோணம். இரண்டும் பத்தும் அலை ஓரம். பிறகு வந்த அலுமினிய இருபது பைசாவும் அறுகோணம். கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு, பார்க்காமலே எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவோம். 1984-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது கற்பித்தல் உபகரணம் என்று எனக்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. காசை மேசையில் வைத்து, மேலே தாளைப் பரப்பி, பென்சிலால் தேய்த்தால் காசு அப்படியே தாளில் எழும். அதை வெட்டி அட்டையில் ஒட்டினால் வகுப்புக்குப் பணம் தயார். சதுரமும் அறுகோணமும் அதே பாடத்தில் இலவசம்.

ஒன்றாம் வகுப்பில் காசு சொல்லிக்கொடுக்கும்போது எல்லாப் பிள்ளைகளும் ஒரு இடத்தில் நிற்பார்கள். ஒரு கையில் ஐந்து ஒரு ரூபாய்க் காசு, மறுகையில் ஒரே ஓர் ஐந்து ரூபாய்க் காசு. எது வேண்டும் என்றால் ஐந்து காசு இருக்கும் கையைத்தான் பிடித்து இழுப்பார்கள். எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு, ஒரு பொருளுக்கு ஒன்றுக்கு மேல் மதிப்பு இருக்கலாம் என்பது புது விஷயம். புளியங்கொட்டையில் அது கிடையாது. அளவும் ஏமாற்றும். அலுமினியப் பத்து பைசா பெரிது, நாலணா சிறிது. இப்போதும் 2011 வரிசையில் இரண்டு ரூபாய்க் காசு ஐந்து ரூபாயைவிடப் பெரிது. பெரியது அதிகம் என்ற எண்ணத்தைப் பிள்ளை கைவிட்டாக வேண்டும். இதைப் பிள்ளைக்குப் புரிய வைப்பது வாத்தியார் இல்லை, மிட்டாய்க் கடை. சின்ன நாலணாவுக்கு இரண்டு கமர்கட்டு, பெரிய பத்து பைசாவுக்கு ஒன்றுகூட இல்லை என்று ஒரு நாள் தெரிந்தால் போதும், ஆயுசுக்கும் மறக்காது.

மீதி கொடுக்கும் கணக்கையும் கடைதான் கற்றுக்கொடுத்தது. பள்ளிக்கூடம் 20-லிருந்து 13-ஐக் கழிக்கச் சொல்லும். பூஜ்யத்திலிருந்து மூன்று போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்று அரை மணி நேரம். பெட்டிக் கடைக்காரர் கழிக்கவே மாட்டார். "பதிமூணு..." என்று சாமானைக் கையில் வைப்பார், "பதினஞ்சு" என்று இரண்டு ரூபாய், "இருபது" என்று ஐந்து ரூபாய். முடிந்தது. கூட்டிக்கொண்டே போய்க் கழித்துவிட்டார். நான் இதை வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடன் வாங்கிக் கழித்தலைப் பிறகுதான் வைப்பேன். பாடத்திட்ட வரிசை அப்படி இல்லை என்று ஆய்வுக்கு வந்தவர்கள் சொன்னதுண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். பெண்கள் சைக்கிள் பழகிய கதை உலகத்துக்கே தெரியும். நான் பார்த்த இன்னொன்றைச் சொல்கிறேன். கல் உடைக்கும் பெண்கள் இரவில் லாந்தர் வெளிச்சத்தில் வந்து உட்காருவார்கள். ஆறு நாள் கூலி, அதில் வாங்கிய முன்பணம், கடையில் வைத்த பாக்கி எல்லாவற்றையும் தட்டிக் கழித்து, கையில் நிற்பது எவ்வளவு என்று நான் தாளில் போட்டு முடிப்பதற்குள் வாயால் சொல்லிவிடுவார்கள். ஆனால் 35 என்று எழுதிக் காட்டினால் தெரியாது. நோட்டை நிறத்தாலும் அளவாலும் அடையாளம் கண்டார்கள். அதனால் அவர்களுடைய பத்து ரூபாய் நோட்டையே எடுத்து அதிலிருக்கும் எண்ணைக் காட்டித்தான் ஆரம்பித்தேன். எழுத்தும் அங்கேயே இருந்தது. நோட்டில் மொழிகள் வரிசையாக இருக்கும் இடத்தில் கீழிருந்து மூன்றாவது வரி தமிழ். "பத்து ரூபாய்" என்று ஒரு அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இத்தன வருசமா இது இங்கேயேவா இருந்துச்சு டீச்சர்?" என்று கேட்டார்.

அவர்களிடம் காசு இருந்தது, எண் இல்லை. இன்றைய பிள்ளைகளிடம் எண் இருக்கிறது, காசு இல்லை.

எப்படிப் போனது? முதலில் விலைவாசி ஏறி, ஒன்று, இரண்டு, மூன்று பைசாவை எவரும் வாங்கவில்லை. பிறகு ஐந்தும் பத்தும். சில்லறை இல்லை என்று மிட்டாயைக் கையில் திணிக்கும் பழக்கம் வந்தது. 2011 ஜூன் 30-ஓடு 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் சட்டப்படியே செல்லாமல் போயின. 50 பைசா இன்றும் செல்லும், ஆனால் கடையில் நீட்டிப் பாருங்கள். பத்து ரூபாய்க் காசுக்கே நம் மாநிலத்தில் பல ஊர்களில் அந்தக் கதி. 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-ல் விளக்கம் சொன்ன பிறகும் வாங்க மறுத்தார்கள். 2016-ல் பழைய ஐந்நூறும் ஆயிரமும் ஒரே இரவில் போய், வரிசையில் நின்ற பெற்றோரைப் பிள்ளைகள் பார்த்தார்கள். அதே ஆண்டு யூபிஐ வந்தது. இன்று இளநீர்க் கடையிலும் ஒட்டிய அட்டை, பக்கத்தில் தொகையைச் சொல்லும் பெட்டி.

பெரியவர்களுக்கு வசதிதான், நானும் பயன்படுத்துகிறேன். பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பதைப் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் சாயங்காலம் கணக்கு நோட்டோடு என்னிடம் வருவான். 50 ரூபாய் கொடுத்து 32 ரூபாய்க்குப் பென்சில் பெட்டி வாங்கினால் மீதி எவ்வளவு என்று ஒரு கணக்கு. "கழிக்கணுமா கூட்டணுமா?" என்று கேட்டான். கடையில் மீதி வாங்குவாயே, அதுதான் என்றேன். "மீதி எதுக்கு டீச்சரம்மா? அம்மா முப்பத்திரண்டுதானே அனுப்புவாங்க!" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. அவன் உலகத்தில் மீதி என்ற பொருளே கிடையாது. கழித்தலுக்கு நாங்கள் காலங்காலமாகக் காட்டிவந்த நல்ல உதாரணம் அவனுக்கு வேற்று மொழி.

இதைவிடப் பெரிய சிக்கல் தசமத்தில். நூறு பைசா ஒரு ரூபாய் என்று கையால் எண்ணிய பிள்ளைக்கு ரூ. 2.05 என்றால் இரண்டு ரூபாயும் ஒரு சதுரக் காசும். ரூ. 2.50 என்றால் இரண்டு ரூபாயும் எட்டணாவும். இரண்டையும் குழப்பவே மாட்டான், குழப்பினால் கடையில் நஷ்டம். இன்றைய பிள்ளை 2.5-க்கும் 2.05-க்கும் இடையில் தடுமாறுகிறது, இரண்டிலும் ஐந்து இருக்கிறதே என்கிறது. புத்தகங்கள் இன்னும் பைசாவை வைத்தே புள்ளியை விளக்கப் பார்க்கின்றன. பிள்ளை பார்த்தேயிராத பொருளைக் காட்டி, தெரியாத ஒன்றைப் புரியவைப்பது எப்படி? பைசா இன்று வாழ்வது பெட்ரோல் பங்க் மீட்டரிலும் வங்கிக் கணக்கிலும்தான். இரண்டும் எட்டு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டாதவை.

என் யோசனை இது. தசமத்தை மீட்டர் அளவுகோலுக்கு மாற்றிவிடலாம். நூறு சென்டிமீட்டர் இன்னும் பிள்ளையின் கண் முன்னால் இருக்கிறது, துணிக்கடையில் இருக்கிறது, அவன் உயரத்தை அளக்கும் சுவரில் இருக்கிறது. 1 மீட்டர் 5 சென்டிமீட்டரும் 1 மீட்டர் 50 சென்டிமீட்டரும் ஒன்றில்லை என்பதைச் சுவரே சொல்லிவிடும். பணத்தை முழு எண்ணுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு ரூபாய்க் காசு, பத்து ரூபாய் நோட்டு, நூறு ரூபாய் நோட்டு. இட மதிப்புக்கு இதைவிட நல்ல உபகரணம் எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. வீட்டில் வாரத்துக்கு ஒரு நாளாவது பிள்ளை கையில் ரொக்கம் கொடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். சரியான தொகையைக் கொடுத்தனுப்பாதீர்கள், கூடுதலாகக் கொடுங்கள், மீதி வர வேண்டும். பத்து ரூபாய் தொலைந்தால் போகட்டும். ட்யூஷனுக்கு அதைவிட அதிகம் கொடுக்கிறோம்.

கடைசியாக ஒரு கோரிக்கை. உங்கள் வீட்டு அலமாரியில், சாமி உண்டியலில், பழைய பவுடர் டப்பாவில் பத்து பைசா, இருபது பைசா, நாலணாக் காசுகள் கட்டாயம் கிடக்கும். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பத்து பைசா பத்து, நாலணா நான்கு, எட்டணா இரண்டு சேர்ந்தால் ஒரு வகுப்புக்குப் போதும். ஒரு சின்ன டப்பாவில் போட்டு, பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர் யார் என்று கேட்டு அவர் கையில் கொடுங்கள். என்னிடம் இருந்ததைப் போன மாதம் கொடுத்துவிட்டேன், பாட்டியின் அம்மன் காசு ஒன்றைத் தவிர.